அடிக்க ஒரு கம்பி

சவரக்கத்தியால் முகம் மழித்துக்கொள்ளும் துணிச்சல் எனக்குக் கிடையாது. பழைய சவரக்கத்திகளைப் பழுதுபார்க்கும் துணிச்சல் மட்டும் நிறைய உண்டு. முதலாவதில் போவது ரத்தம், இரண்டாவதில் போவது மானம்தான் என்ற தைரியம்.

என்னிடம் இருப்பது இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த மடக்குக் கத்தி. பிடி என்பது இரண்டு மெல்லிய எருமைக்கொம்புத் தகடுகள். வால்முனையில் அவற்றுக்கு நடுவே ஒரு காரீய ஆப்பு. கத்தி திரும்பும் இடத்தில் ஒரு ரிவெட், ஆப்பின் வழியாக இன்னொன்று. பித்தளைக் கம்பித் துண்டை ஓட்டையில் செருகி, இரு பக்கமும் குட்டி வாஷர் மாட்டி, முனைகளைத் தட்டித் தட்டிக் குமிழாக விரியவைத்தால் அதுதான் ரிவெட். பசை இல்லை, திருகு இல்லை. என் கத்தியில் அது தேய்ந்து ஆட ஆரம்பித்திருந்தது. மாற்றுவது அரை மணி நேர வேலை என்று வீட்டில் அறிவித்தேன். “எந்த வருஷத்து அரை மணி?” என்று கேட்டாள் மனைவி.

முதல் சறுக்கல் அளவில். இந்தக் கத்திகளுக்கு வழக்கமான கம்பி 1/16 அங்குலம், அதாவது 1.59 மில்லிமீட்டர். எனக்குக் கிடைத்ததோ 2 மில்லிமீட்டர். தடிமன் கூடினால் பலமும் கூடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கொம்பில் ஓட்டையைப் பெரிதாக்கினேன். ஓட்டைக்கும் ஓரத்துக்கும் இடையில் எவ்வளவு கொம்பு மிச்சம் இருக்கிறது என்று டிரில் போட்ட பிறகுதான் பார்த்தேன். தகடு விளிம்புவரை பிளந்தது. நூறு வருடத்துக்கு மேல் தாங்கிய கொம்பு என் அரை மணியைத் தாங்கவில்லை.

புதுத் தகடுகளை அராவி எடுத்து, இந்த முறை 1/16 பிட்டால் ஓட்டை போட்டேன். கம்பிக்கு கேஜ் கணக்கு பார்த்தேன். 16 கேஜ் சரியாக இருக்கும் என்று எங்கோ படித்த நினைவு. நகை செய்பவர்களுக்கான பித்தளைக் கம்பியாக ஒரு சுருள் வரவழைத்தேன். ஓட்டைக்குள் அது தொளதொளவென்று ஆடியது. பிரிட்டிஷ் அட்டவணைப்படி 16 கேஜ் என்றால் 1.63 மில்லிமீட்டர், அமெரிக்க அட்டவணைப்படி 1.29. நான் படித்தது முன்னதை, வாங்கியது பின்னதை. ஷெஃபீல்டு கத்திக்கு அமெரிக்க கேஜில் கம்பி வாங்கியவன் நான். அந்தச் சுருளை மேசை டிராயரில் போட்டு மூடினேன்.

அடுத்த சறுக்கல் உலோகத்தில். பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும் என்பதோடு என் பள்ளிக்கூட ஞானம் முடிந்திருந்தது. பாரிமுனையில் ஒரு கடையில், “எதுக்கு சார், லேத்துக்கா?” என்று கேட்டார்கள். சவரக்கத்தி, கொம்பு, ஷெஃபீல்டு என்று விளக்கக் கூச்சப்பட்டு, “நல்லதா, கெட்டியா குடுங்க” என்றேன். கேட்டதையே கொடுத்தார்கள். வளைவே இல்லாத, பளபளக்கும் கம்பி. அளவும் கச்சிதம். கடைசலுக்கென்றே வார்த்த பித்தளை அது. அதில் ஏறக்குறைய 3 சதவீதம் காரீயம் சேர்ப்பார்கள். லேத்தில் கடையும்போது சீவல் நீளமாகச் சுற்றிக்கொள்ளாமல் துண்டு துண்டாக உடைந்து விழ வேண்டும் என்பதற்காக. உடைவதற்கென்று கலந்ததை நான் சுத்தியலால் தட்டினேன். குமிழாக வேண்டிய தலை ஓரங்களில் வெடித்து, கால்வாசி உதிர்ந்தது.

தோற்றவனுக்குப் படிப்பில் நாட்டம் வரும். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் பட்ட பாட்டைப் படித்தேன். மழைக்காலத்தில் கிடங்கிலிருந்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே வெடித்துப் பிளந்தன. குதிரை லாயங்களிலிருந்து வந்த அம்மோனியாவும், உறையை இழுத்து உருவாக்கும்போது உள்ளே தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல் விளக்கினார்கள். எனக்கு ஒரே நிம்மதி. என் ரிவெட்டையும் சென்னையின் ஈரக்காற்றுதான் வெடிக்கவைத்தது என்று வீட்டில் விளக்கினேன். “தட்டின உடனேதானே உடைஞ்சுது? அதுக்குள்ளே எங்கேருந்து மழை வந்துச்சு?” என்றாள். லாயமும் இல்லை, குதிரையும் இல்லை. கையில் சுத்தியலோடு ஒருவன் மட்டும் இருந்தான்.

கம்பியைக் காய்ச்சினால் மென்மையாகும் என்று கேள்விப்பட்டு அடுப்பில் காட்டினேன். மங்கலான சிவப்பு தெரிந்ததும் எடுத்துவிட வேண்டும். அந்தச் சிவப்பு இருட்டில்தான் தெரியும் என்பதை, டியூப் லைட் வெளிச்சத்தில் முனை உருகி மணியாகத் திரண்ட பிறகு தெரிந்துகொண்டேன். விஷயம் தெரிந்த ஒருவர், சரியாகக் காய்ச்சினாலும் இந்தக் கம்பியில் பயனில்லை, காரீயம் எங்கே போகும் என்றார்.

அவர் சொன்னது இன்னொன்றும் உண்டு. ரிவெட்டுக்கு வேண்டியது செம்பு 70, துத்தநாகம் 30 கலந்த, காரீயம் இல்லாத மென்மையான கம்பி. பித்தளை அடிபட அடிபட இறுகும். எனவே மென்மையாக வாங்கினால், சுத்தியலே அதைக் கெட்டியாக்கிவிடும். ஏற்கெனவே கெட்டியாக இருப்பதை வாங்கினால், மேலும் இறுக இடமில்லாமல் வெடிக்கும். நானோ காசு கொடுத்துக் கெட்டியை வாங்கி வந்திருந்தேன். டிராயரில் முடங்கிக் கிடந்த அந்த மெல்லிய சுருளைக் காட்டினேன். உலோகம் சரி, அளவுதான் தப்பு என்றார். ஆக, உலோகம் சரியான கம்பியில் அளவு தவறியது, அளவு சரியான கம்பியில் உலோகம் தவறியது.

திரும்பவும் பாரிமுனை. இம்முறை எதுக்கு என்று கேட்டதும், “அடிக்க” என்றேன். “யாரை சார்?” என்றார் கடைக்காரர். பிரிட்டிஷ் கேஜ் 16-இல், சுருண்டு கோணலாகக் கிடந்த மென்கம்பி ஒன்றை எடுத்துப் போட்டார். கோணல் என்பதாலேயே முன்பு நான் திரும்பிக்கூடப் பார்க்காத சரக்கு. ஒரு சென்டிமீட்டர் துண்டில் என்ன கோணல் தெரியப்போகிறது? தட்டையான இரும்பில் உருட்டியதும் நிமிர்ந்தது. தடிமன் மயிரிழை கூடுதல். உப்புத்தாளால் தேய்த்ததும் ஓட்டைக்குள் பிசகின்றிப் போனது.

அப்புறமும் சறுக்கினேன். வாஷருக்கு மேலே கம்பியின் விட்டத்தில் பாதி, சுமார் 0.8 மில்லிமீட்டர், நீட்டிக்கொண்டிருந்தால் போதும். தாராளமாக விட்டேன். தலை விரியாமல் கம்பி உள்ளே வளைந்தது. சின்னஞ்சிறு திருகு வைத்து முதலில் கோத்துப் பார்ப்பவர்களைக் கோழைகள் என்று எண்ணியிருந்ததால், கத்தி மூடும்போது கொம்பில் உரசுவதும் ரிவெட் அடித்த பிறகே தெரிந்தது. ரிவெட்டைத் தளர்த்த முடியாது. டிரில் போட்டு எடுத்துவிட்டு, மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். தேங்காய் உடைக்கிற வேகத்தில் ஆரம்பித்த என் கை, ஒருவழியாக, சுத்தியலின் எடையே வேலை செய்யட்டும் என்று விட்டுக்கொடுத்தது.

இப்போது ஆடாத, இறுகாத, உரசாத கத்தி ஒன்று இருக்கிறது. தெருமுனை சலூன்காரரிடம் காட்டினேன். அவர் புழங்குவது பாதி பிளேடு மாட்டும் கத்தி. இதைத் திறந்தார், மூடினார், கட்டைவிரலால் விளிம்பை வருடினார். “இதை வச்சு ரொட்டிக்கு வெண்ணெய் தடவலாம் சார்” என்றார். ரிவெட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கண்ணில் படாமல் இருப்பதுதான் நல்ல ரிவெட்டுக்கு அழகு என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். சாணைக்கல் வாங்கப் போவதை இன்னும் சொல்லவில்லை.