பாகு இல்லாத அதிரசம்

வா தம்பி, குந்து. சக்கரை இல்லாம அதிரசம் சுட்டியாமே? தெருவே பேசுது.

நெல்லிக்குப்பத்துப் பக்கம் பொறந்த புள்ளடா நீ. 1842லேர்ந்து அங்க ஆலை ஓடுது. இந்தாண்ட சேத்தியாத்தோப்புல எம்.ஆர்.கே. ஆலை. கரும்பு வண்டி பின்னால ஓடி ஒரு கழி உருவாத பய இந்தச் சீமையில உண்டா? நீ என்னடான்னா டப்பாவுலேர்ந்து வெள்ளைத் தூளத் தட்டுற. தட்டு, வேணாங்கல. எனக்கும் சக்கரை வியாதிதான். டீயில ரெண்டு மாத்திரை போட்டுத்தான் குடிக்கிறன். டீக்கு இனிப்பு போதும். அதிரசத்துக்குப் போதுமா?

அந்தத் தூளு, சுக்ரலோசு, அது வந்த கதை தெரியுமா? 1976ல லண்டன்ல நம்ம நாட்டுப் புள்ள சசிகாந்த் பட்னிஸ் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தாரு. வாத்தியாரு ‘டெஸ்ட்’ பண்ணச் சொன்னாராம். இவரு காதுல ‘டேஸ்ட்’டுன்னு வுழுந்துச்சாம். எடுத்து நாக்குல வச்சிட்டாரு. சக்கரையவிட 600 மடங்கு இனிப்பு! எனக்குந்தான் காது மந்தம். என்னத்தக் கண்டுபிடிச்சன்?

சரி, கணக்கப் போடு. ஒரு கிலோ சக்கரை இனிப்புக்கு அதுல 2 கிராங்கூட வேணாம். மிச்ச 998 கிராம் எடத்துல எத வச்ச? காத்தையா?

வெல்லம் இனிக்க மட்டுமா வந்துச்சி? ஊறவச்ச அரிசிய நெழல்ல ஆறப்போட்டு, ஈரம் இருக்கையிலயே இடிக்கணும். பாகு ஒரு சொட்டு தண்ணியில வுட்டா உருட்ட வரணும். அந்தப் பாகுதான் மாவப் புடிக்கும். அதுதான் செவக்க வைக்கும். நாலு நாளைக்கு ஊசாம காக்குறதும் அதுதான். ஒன் தூளு எதப் புடிக்கும்? எண்ணெயில போட்டதும் பிரிஞ்சி போச்சின்னு இப்ப மூக்கால அழுவுற. கேக்குக்கும் இதே கதிதான். வெண்ணெயும் சக்கரையும் சேத்து அடிச்சாத்தான உள்ள காத்து நிக்கும்?

இன்னொண்ணு. சக்கரையத் தொரத்திட்ட. அரிசி? அது வவுத்துக்குள்ள போயி விபூதியாவா ஆவும்? சக்கரைதான் இல்லியேன்னு பிரிஞ்சதுலயே ஆறு தின்னியாம். ஒடம்பு எளைக்க இந்த மாதிரி இனிப்புத் தூளுங்கள நம்பாதீங்கன்னு 2023ல உலக சுகாதார நிறுவனமே சொல்லிடுச்சி. ஏற்கெனவே வியாதி இருக்குற என்னாட்டம் ஆளுங்க கணக்கு வேற. ஒனக்கு என்ன கேடு?

இனிப்ப அளவாத் தின்னா போதும்டா. சிவனடியாரு சேந்தனார் வூட்டுக் களிய நடராசரே வந்து வாங்கித் தின்னாருன்னு சிதம்பரத்துல சொல்லுவாங்க. திருவாதிரைக்கு எம்மாங் களி குடுக்குறாங்க? உள்ளங்கையில ஒரு உருண்டை. வருசத்துக்கு ஒரு நாளு. அதுக்கு எந்த டப்பா வேணும்?

வுடு. ஒங்க ஆயா மிச்ச மாவுல தண்ணிய ஊத்திக் கரைச்சித் தோசை சுட்டுட்டா. அசட்டு இனிப்பு. கத்திரிக்கா கொத்சு தொட்டுக்கிட்டா எறங்குது. ஒனக்கும் ஒண்ணு வைக்கச் சொல்லவா?