கம்ப்ரசரில் நீர் சேகரிப்பு: பட்டறை முதலாளிகளுக்கு ஒரு வழிகாட்டி

2003-ல் தமிழக அரசு வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. திருச்சி தென்னூர்ப் பட்டறைகளுக்கு அந்தச் சட்டம் தேவையே இல்லை. டிங்கரிங் கடையோ பஞ்சர் கடையோ, 5 எச்.பி. கம்ப்ரசர் ஒன்று ஓடினால் போதும். வானம் பார்க்காமலே தண்ணீர் சேரும். கணக்கு எளிது. ஐப்பசி மாதம், 30 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 21 கிராம் நீராவி இருக்கும். 7 பாருக்கு அழுத்தும்போது எட்டு கன மீட்டர் காற்று ஒன்றாகச் சுருங்குகிறது. அத்தனை ஆவிக்கும் அதில் இடமில்லை. காற்று ஆற ஆற, மிச்சம் டேங்கின் அடியில் இறங்கிவிடும். மெஷின் விடாமல் ஓடினால் மணிக்கு அரை லிட்டர் வரைகூடச் சேரும். இந்தச் செல்வத்தை வெளியே விடாமல் காப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

1. டேங்கின் அடியில் தண்ணீரைத் திறந்துவிட இருப்பது கையால் திருகும் வால்வா? திறந்துவிடும் வேலையைப் பையனிடம் ஒப்படையுங்கள். எந்தப் பையன் என்று மட்டும் சொல்லாதீர்கள். டேங்கைச் சுவரோரம் தள்ளி, முன்னால் பழைய டயர்களை அடுக்குங்கள்.

2. இனி, தண்ணீரைத் தானே திறந்துவிடும் ஆட்டோ டிரெயின் ஒன்று வாங்குங்கள். தண்ணீர் மட்டத்தை உணர்ந்து, தண்ணீரை மட்டும் வெளியேற்றிக் காற்றைப் பிடித்துவைக்கும் சென்சார் வகை ஒன்று உண்டு. விலையைக் கேளுங்கள், சிரியுங்கள், டைமர் வகையை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

3. டைமரில் இரண்டு திருகுகள் இருக்கும். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை திறக்க வேண்டும் என்பது ஒன்று, எத்தனை விநாடி திறந்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதைக் குறைந்தபட்சத்திலும் இரண்டாவதை அதிகபட்சத்திலும் வையுங்கள். தண்ணீர் ஒரு மடக்கு போகும். அதன்பின் காற்று மட்டும் உஸ்ஸென்று போய்க்கொண்டே இருக்கும். 7 பாரில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று திறந்தே கிடந்தால், 5 எச்.பி. கம்ப்ரசரின் மொத்த உழைப்பையும் அதுவே குடித்துவிடும். கரண்ட் பில் வந்ததும் மின்வாரியத்தைத் திட்டுங்கள்.

4. உஸ் சத்தம் போன் பேச இடைஞ்சலாக இருக்கிறதா? டிரெயினுக்கு முன்னால் உள்ள பால் வால்வை மூடிவிடுங்கள். டைமரின் பச்சை விளக்கு தொடர்ந்து சிமிட்டும், நேரம் தவறாமல் 'டிக்' என்றும் சொல்லும். விளக்கு எரியும்போது தண்ணீர் வருகிறதா என்று குனிந்து பார்ப்பது மெஷினைச் சந்தேகப்படுவதாகும். டெஸ்ட் பட்டனை அழகுக்காக வைத்திருக்கிறார்கள்.

5. வால்வை மூட மனமில்லையா? டிரெயினுக்கு முன்னால் போட வேண்டிய சல்லடையைப் போடாதீர்கள். டேங்கின் துருச் செதில் ஒன்று வந்து சொலினாய்டு வாயில் உட்கார்ந்து, மூடுவதா திறப்பதா என்பதைத் தானே முடிவு செய்யும். மிதவை வகை டிரெயின் வைத்திருப்பவர்கள் காற்றுச் சமன் குழாயை மிச்சம் பிடியுங்கள். உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும், தண்ணீர் மேலேயே நிற்கும், மிதவைக்கு எழுந்திருக்க வேலையே இராது.

6. இப்போது அறுவடை. பெயிண்டர் கார் கதவுக்குக் கடைசிக் கோட் அடிக்கிறார், கன்னிலிருந்து பெயிண்டோடு துளித்துளியாகத் தண்ணீரும் வருகிறது. காய்ந்த பிறகு கதவெல்லாம் குழிகுழியாகத் தெரிகிறது. முதலில் பெயிண்டரைக் குறை சொல்லுங்கள். பிறகு தின்னரை, பிறகு பட்டியை, கடைசியாக மழையை. (மழைக்குக் கொஞ்சம் பங்கு உண்டுதான், ஆனால் அது டேங்க் வழியாக வந்தது என்பதைச் சொல்லிவிடாதீர்கள்.) சுரண்டி, தேய்த்து, மறுபடி அடியுங்கள், அதே கன்னில். துவாக்குடிப் பக்கம் ஃபேப்ரிகேஷன் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு: பிளாஸ்டிங் செய்த இரும்புத் தகடு, டீ குடித்துவிட்டு வருவதற்குள் பழுப்பேறியிருக்கும், ஈரமான கிரிட் நாசிலை அடைத்திருக்கும். பி.எச்.இ.எல். இன்ஸ்பெக்டர் வரும் நாளாகப் பார்த்துச் செய்தால் முழுப் பலன்.

7. பொன்மலை ரயில்வே பணிமனைப் பக்கம் மட்டும் போகாதீர்கள். நாகப்பட்டினத்திலிருந்து 1928-ல் இங்கே வந்த இடம் அது. ரயில் பிரேக் காற்றில்தான் இயங்குகிறது. என்ஜின் காற்று டேங்கில் தண்ணீர் தேங்கவிடக் கூடாது என்று அங்கே பிடிவாதம் பிடிப்பார்கள். அவர்களுக்கு வண்டி நிற்க வேண்டும். நமக்கு அந்த அவசரம் இல்லை.

8. எப்போதாவது தவறிப்போய் தண்ணீர் வெளியே வந்துவிட்டால், அதில் கம்ப்ரசர் ஆயிலும் கலந்திருக்கும். தனியே பிரிக்காமல் அப்படியே சாக்கடையில் விடுங்கள். ராஜராஜன் காலத்திலிருந்து ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்கால், இதையும் வாங்கிக்கொள்ளும்.

9. வருஷங்கள் போகும். டேங்கின் அடித்தகடு உள்ளிருந்து மெலியும். வெளியே ஊசிமுனை அளவு ஓட்டை தெரிந்தால் எம்-சீல் வைத்து அடைத்து, மேலே நீலப் பெயிண்ட் அடியுங்கள். பிரஷரைக் குறைக்க வேண்டாம், வேலை தாமதமாகும். சேஃப்டி வால்வும் துருப்பிடித்து இறுகியிருக்குமே என்று நினைவுபடுத்துபவரை வேறு பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள்.

10. ஆயுத பூசையன்று டேங்கைத் துடையுங்கள், சந்தனம் பூசுங்கள், மாலை போடுங்கள், பூசணிக்காய் உடையுங்கள். அடியில் இருக்கும் வால்வுக்கும் ஒரு குங்குமப் பொட்டு வையுங்கள். திறந்து மட்டும் விடாதீர்கள். நல்ல நாளும் அதுவுமாகக் கோலத்தின் மேல் துருத்தண்ணீர் ஓடும்.