தாழி போன தூரம்

1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் ஆதிச்சநல்லூரைத் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899-இல் தோண்ட வந்த அலெக்சாண்டர் ரீயின் சேகரம் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. முதுமக்கள் தாழிக்குள் குந்தியிருந்த பெரியவருக்கு அப்படியொரு யோகம். மேலே ஆடு மேய்த்தவருக்கு ஸ்ரீவைகுண்டமே வெளியூர்.

இப்போது ஆதிச்சநல்லூர்ப் பொருள்களைக் காட்ட, நெல்லை ரெட்டியார்பட்டியிலேயே பொருநை அருங்காட்சியகம் வந்தாயிற்று. கல்லூரிகளுக்கும் பண்பாடு நினைவு வந்துவிடும். சுற்றறிக்கை இப்படித்தான் இருக்கும்: காலையில் அருங்காட்சியகம், மாலையில் கலைநிகழ்ச்சி, வேட்டி, சேலை கட்டாயம், வருகைப்பதிவு உண்டு. (கடைசி வரி இல்லாவிட்டால் பஸ்ஸில் ஓட்டுநர் மட்டும் போவார்.)

தாழி முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டே ஒருவன் கேட்பான்: “ஏலே, இம்புட்டுப் பெரிய பானையில என்னத்தலே வச்சிருப்பாங்க?”

“வருகைப்பதிவு நோட்டா இருக்கும்லே.”