கால் வேலி நிலமும் ஐந்து லட்சம் பாத்தும்

ஏனாத்தூர்ப் பக்கம் லேப்டாப் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இப்போது ஒரே கவலை, எந்த நாட்டில் போய் உட்கார்ந்து வேலை பார்ப்பது என்று. தாய்லாந்து 2024 ஜூலையில் ஐந்து வருட விசா ஒன்றைத் திறந்துவிட்டது. வங்கிக் கணக்கில் 5 லட்சம் பாத் காட்டினால் ஒரு தடவைக்கு 180 நாள் இருக்கலாம். போர்ச்சுகல் என்றால், அந்நாட்டுக் குறைந்தபட்சக் கூலியைப் போல நாலு மடங்கு மாத வருமானம் வேண்டும்.

"180 நாள்தானாம்ணே! மனுசனையே மதிக்க மாட்டேங்கிறானுங்க" என்று டீக்கடையில் ஒரு தம்பி கொதிக்கிறான்.

சொத்தைக் காட்டு, உள்ளே வா என்பது நமக்குப் புதுசா என்ன? உத்திரமேரூர்க் கல்வெட்டைப் போய்ப் பாருங்கள். பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலை. பிரதமர் வரைக்கும் மார்தட்டும் ஜனநாயகம். குடத்துக்குள் பேர் விழ, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். நிலம் குறைந்தால் கூடுதல் வேதத்தைக் காட்டிச் சமாளிக்கலாம். நாற்று நட்டவனுக்கு ஓலையே கிடையாது.

தாய்லாந்துக்காரனைத் திட்டும் நம் லட்சணத்தையும் பார்ப்போம். 1983 முதல் உயிருக்குப் பயந்து கடல் தாண்டி வந்த இலங்கைத் தமிழருக்கு நாம் வைத்திருக்கும் நீண்டகாலத் தங்கல் திட்டம் தனி ரகம். பத்துக்குப் பத்து அறை. தணிக்கை நாளில் ஆள் இல்லையென்றால் உதவித்தொகை கட். 2021இல் 'அகதிகள் முகாம்' என்ற பலகையை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினோம். புது வீடும் கட்டினோம், மறுக்கவில்லை. குடியுரிமையை மட்டும் கேட்டுவிடாதீர்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் எல்லாம் டெல்லிக்குத் தெரிந்தன; தனுஷ்கோடிக்கு எதிரே இருக்கும் தீவு தெரியவில்லை. அந்த மசோதாவுக்கு மாநிலங்களவையில் ஆதரவாக வாக்களித்தவர்களில் அ.தி.மு.க.வின் தமிழர்களும் உண்டு. ஈழம் என்றால் மேடையில் கண்ணீர் விடும் தமிழர்கள்!

2025 மே மாதம், தண்டனை முடித்த ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், இந்தியா ஒன்றும் தர்மசத்திரம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. செப்டம்பரில் உள்துறை மனமிரங்கியது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களை, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாத குற்றத்துக்காகத் தண்டிக்காதாம். இங்கேயே பிறந்து, இங்கேயே இன்ஜினியரிங் முடித்து, வேலைக்கு எடுப்பவன் பாஸ்போர்ட் கேட்டதால் பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போகிற முகாம் பிள்ளைகள் இந்தப் பெருங்கருணைக்கு யாருக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டும், டெல்லிக்கா, 180 நாள் போதாதென்று கொதிக்கிற நமக்கா?