வே பவுடருக்கு ராகு காலம் உண்டா?

மதுரையில் நான் போகும் ஜிம் ஒரு பெயின்ட் கடையின் மாடியில் இருக்கிறது. இரும்பு மோதும் சத்தத்தைவிட அங்கே அதிகம் கேட்பது ஷேக்கர் குலுக்கும் சத்தம்தான். கடைசி செட்டை முடித்து டம்பெல்லைக் கீழே போட்டதும் பையன்கள் தங்கள் பையை நோக்கி ஓடுகிற ஓட்டம் இருக்கிறதே, அதில் பாதியை ட்ரெட்மில்லில் காட்டியிருந்தால் எங்கள் மாஸ்டர் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார். ஏன் இந்த அவசரம் என்று ஒரு தம்பியைக் கேட்டேன். வாயோரம் சாக்லேட் நுரையோடு பதில் வந்தது: "அரை மணி நேரம்தான் டைம், அங்கிள். அதுக்குள்ள புரோட்டீன் உள்ள போகலைன்னா இன்னைக்குத் தூக்குனது பூராம் வேஸ்ட்டு."

ராகு காலம் பார்த்து வண்டியை வெளியே எடுக்கும் ஊரில் பிறந்தவன் நான். எனக்கு இது புரியாமல் போகுமா? ஜிம்முக்கென்று தனியாக ஒரு பஞ்சாங்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. பயிற்சி முடிந்த முதல் 30 நிமிடம் அமிர்த யோகம். அதைத் தாண்டினால் எமகண்டம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்கூப் விசேஷம். படுக்கப் போகுமுன் ஒன்று குடித்தால் தூக்கத்திலேயே தோள் விரியும். கால் பயிற்சி நாளில் இரட்டை ஸ்கூப். ஓய்வு நாளில் குடிக்கலாமா கூடாதா என்பதில் மட்டும் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு கட்சி.

பஞ்சாங்கத்தைப் புரட்டுமுன் டப்பாவுக்குள் இருப்பது என்ன என்று பார்த்துவிடுவோம். எங்கள் வீட்டில் இதை முதலில் அம்மாவுக்கு விளக்க வேண்டியிருந்தது. ஒரு கிலோ டப்பா மேஜையில் வந்து உட்கார்ந்ததும், "ஹார்லிக்ஸை எதுக்குய்யா இம்புட்டுப் பெருசா வாங்கியாந்திருக்க?" என்றார். இது ஹார்லிக்ஸ் இல்லை, பாலைத் திரியவைத்து சீஸ் செய்யும்போது பிரிந்து நிற்கும் இளமஞ்சள் தண்ணீர் இருக்கிறதே, அதிலிருந்து எடுத்த புரதப் பொடி என்றேன். அம்மா டப்பாவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "அப்ப திரிஞ்ச பால் தண்ணி. மூவாயிரம் ரூவா குடுத்துத் திரிஞ்ச பால் தண்ணிய வாங்கிட்டு வந்திருக்க."

வேதியியல்படி இதில் ஒரு பிழையும் இல்லை. மேலை நாட்டு சீஸ் ஆலைகள் வே எனப்படும் இந்தத் தண்ணீரை நெடுங்காலம் பன்றிகளுக்கு ஊற்றின. மிச்சத்தை ஆற்றில் விட்டன. ஆறு நாறியது, புகார் கிளம்பியது. 1970-களில் நுண்சவ்வு வழியாக வடிகட்டிப் புரதத்தை மட்டும் பிரிக்கும் முறை பரவிய பிறகுதான் கழிவு சரக்கானது. அப்புறம் அதற்குக் கேசர் பிஸ்தா வாசனையும் வந்தது, விலையும் வந்தது.

ஆனால் கணக்குப் போட்டால் விலைக்கு ஒரு நியாயமும் தெரிகிறது. ஒரு லிட்டர் பசும்பாலில் சுமார் 33 கிராம் புரதம். அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசின். அது சீஸோடு போய்விடும். மீதி 6, 7 கிராம்தான் வே. ஒரு ஸ்கூப்பில் 24 கிராம் புரதம் என்றால் அது ஏறக்குறைய 4 லிட்டர் பாலில் உள்ள வே. அப்படியானால் வீட்டில் பனீர் வடித்த தண்ணீரைக் குடித்தால் போதாதா என்று சிக்கனக்காரர்கள் கேட்பார்கள். போதாது. கொதிக்கும் பாலில் எலுமிச்சம்பழம் பிழியும்போது வே புரதத்தில் பெரும்பகுதி பனீரோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். தண்ணீரில் தங்குவது பெரும்பாலும் பால் சர்க்கரையும் உப்புகளும்தான்.

நாலு லிட்டர் பால் என்றதும் அம்மாவின் பார்வை மாறிவிட்டது. அந்த மரியாதையின் விளைவு மறுநாள் காலையில் தெரிந்தது. மகன் மேல் உள்ள பாசத்தில், கொதிக்கக் கொதிக்க இருந்த பாலில் ஒரு ஸ்கூப்பைக் கொட்டிக் கலக்கியிருக்கிறார். டம்ளருக்குள் அது திட்டுத் திட்டாகத் திரண்டு மேலே மிதந்தது. ஸ்பூனால் நசுக்கப் போனால் வழுக்கிக்கொண்டு மறுபக்கம் ஓடியது. "திரிஞ்ச பால்ல பொறந்தது மறுபடியும் திரிஞ்சிருச்சு. பெறவிக் குணம் போகுமா?" என்றார். 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடானால் வே புரதம் சுருள் அவிழ்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சத்து எங்கேயும் போகாது. முட்டையை அவித்தால் சத்து போய்விடுகிறதா என்ன? ஆனால் இதைக் குடிக்க முடியாது, கடிக்கத்தான் முடியும்.

ஆகவே கலக்கும் முறை இதுதான். குளிர்ந்த தண்ணீர் 200 முதல் 250 மில்லி முதலில், பொடி பிறகு. முறை மாறினால் ஷேக்கரின் அடி மூலையில் காய்ந்த பொடி சிக்கிக்கொண்டு, கடைசி மடக்கில் மொத்தமாகத் தொண்டைக்குள் இறங்கும். அதற்கும் முன்னால் ஸ்கூப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். எந்தக் கம்பெனி டப்பாவாக இருந்தாலும் ஸ்கூப் பொடிக்கு அடியில்தான் புதைந்து கிடக்கும். முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவ வேண்டும். கீழடியில்கூட இவ்வளவு ஆழம் போயிருக்க மாட்டார்கள்.

குடித்த கையோடு ஷேக்கரைக் கழுவுவது இன்னும் முக்கியம். எங்கள் ஜிம்மில் ஒரு தம்பி கால் டம்ளர் மிச்சத்தோடு ஷேக்கரை வண்டி சீட்டுக்கு அடியில் மறந்துவிட்டான். மாதம் மே, ஊர் மதுரை. இரண்டு நாள் கழித்து அதை மாடிக்குக் கொண்டுவந்து மூடியைத் திறந்தான். மூடி தானாகவே டப் என்று கிளம்பியது. அன்றைக்கு மொத்த ஜிம்மும் கீழே இறங்கிப் போய் பெயின்ட் கடை வாசலில் நின்று, டர்பன்டைன் வாசனையை ஆசையோடு இழுத்து விட்டது.

இனி நல்ல நேரத்துக்கு வருவோம். பிராட் ஷோன்ஃபெல்ட், ஆலன் அராகன், ஜேம்ஸ் க்ரீகர் என்ற மூவர் 2013-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி அலசினார்கள். பயிற்சியை ஒட்டி உடனே புரதம் எடுத்தவர்களுக்குத் தசை கூடியது உண்மைதான். ஆனால் அவர்கள் மொத்தத்திலேயே அதிகப் புரதம் சாப்பிட்டவர்கள். அந்த வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால் நேரத்தின் மகிமை காணாமல் போனது. 2017-இல் ஷோன்ஃபெல்ட் குழு எடை தூக்கிப் பழகிய 21 ஆண்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்குப் பயிற்சிக்கு முன் 25 கிராம் புரதம், இன்னொரு பிரிவுக்குப் பயிற்சிக்குப் பின். 10 வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு தரப்புக்கும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. ஒருமுறை நன்றாக எடை தூக்கிய தசை, 24 மணி நேரத்துக்கும் மேலாகப் புரதத்தை வாங்கிக் கட்டிக்கொண்டே இருக்கிறது. அரை மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டுப் போகிற கடை இல்லை அது.

இதையெல்லாம் மாஸ்டரிடம் விலாவாரியாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சயின்ஸ் எல்லாம் சரிதான் சார். ஆனா அரை மணி நேரம்னு சொன்னாத்தான் பையங்க மறக்காமக் குடிக்கிறாய்ங்க. எப்ப வேணா குடிக்கலாம்னு சொல்லிப் பாருங்க, ஒருத்தனும் குடிக்க மாட்டான்" என்றார். அசைந்தே போய்விட்டேன். பஞ்சாங்கம் இத்தனை நூற்றாண்டாகத் தாக்குப்பிடிக்கும் ரகசியத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நேரம் முக்கியமில்லை என்றால் எதுதான் முக்கியம்? கூட்டுத்தொகை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் தந்த பரிந்துரைப்படி, சாதாரண ஆளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம். எடை தூக்குகிறவர்களுக்கு 1.6 கிராம் அளவில் பலன் நிரம்பிவிடுகிறது என்று 49 ஆய்வுகளைத் தொகுத்த 2018-ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. 75 கிலோ ஆசாமிக்கு முதல் கணக்கில் 62 கிராம்; இரண்டாவது கணக்கில் 120. இதை மூன்று நான்கு வேளைக்குப் பிரித்து, வேளைக்கு 20 முதல் 40 கிராம் வரும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

இப்போது நம் வீட்டுத் தட்டு. காலையில் நாலு இட்லி, சாம்பார். மதியம் சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல், மோர். சாயங்காலம் டீயும் ஒரு உளுந்த வடையும். ராத்திரி தோசை, தேங்காய்ச் சட்னி. தாராள மனதோடு கூட்டினாலும் 45 கிராமைத் தாண்டுவது கஷ்டம். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்று சிலர் வாதிடுவார்கள். எங்கள் ஆபீஸ் கேன்டீன் சாம்பாரில் பருப்பைத் தேட ஸ்கூப் தேடுவதைவிட நீளமான கை வேண்டும்.

தட்டைச் சரிசெய்ய டப்பாதான் வேண்டும் என்றும் இல்லை. ஒரு முட்டை 6 கிராம். வெந்த கோழிக்கறி 100 கிராமில் 27 கிராம். அவித்த கொண்டைக்கடலை 100 கிராமில் 9. ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7. அரை லிட்டர் பாலில் 16. கர்லாக்கட்டை சுற்றிய அந்தக் காலத்து வாத்தியார்கள் ஊறவைத்த கொண்டைக்கடலையை மென்றே நெஞ்சை நிமிர்த்தியவர்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், தசை வளர்க்கப் புரதப் பவுடரைத் தவிர்த்து உணவிலிருந்தே புரதத்தைப் பெறச் சொல்கிறது. ஐதராபாத்தில் உட்கார்ந்திருக்கும் விஞ்ஞானிகளும் எங்கள் அம்மாவும் ஒரே கட்சி.

ஆனால் அந்த விஞ்ஞானிகளுக்கு எங்கள் வீட்டு நாள்காட்டி தெரியாது. செவ்வாய், வெள்ளி, சனி அடுப்பங்கரையில் முட்டை நுழையக்கூடாது. அமாவாசை, கிருத்திகை கூடாது. ஆடி வெள்ளி பேச்சே இல்லை. புரட்டாசி வந்தால் மாதம் முழுக்கப் பெருமாளுக்குச் சொந்தம். அப்பாடா என்று மூச்சுவிட்டால் கார்த்திகையில் பக்கத்து வீட்டுக்காரர் மாலை போட்டுவிடுவார். அவருக்கு வாசம் போகக்கூடாது என்று எங்கள் வீட்டிலும் கறிச்சட்டி பரணுக்கு ஏறும். தசைக்கு இந்த விரதமெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்குத் தினமும் கணக்குக் கேட்கிறது.

வே பவுடர் தன் விலைக்கு வேலை செய்வது இங்கேதான். பச்சைப் புள்ளி போட்ட பால் பொருள் என்பதால் புரட்டாசிக்கும் அது ஆகும். முட்டையும் கறியும் விலகிய நாளில் ஒரு ஸ்கூப் 24 கிராமைக் கொண்டுவந்து நிரப்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை அயிரை மீன் குழம்பும் நாட்டுக்கோழியும் இலையில் இருக்கும்போது டப்பாவைத் திறப்பது வீண் செலவு. எந்த மணிக்குக் குடிப்பது என்று கடிகாரத்தைப் பார்க்கிறவர்கள், எந்தக் கிழமைக்குக் குடிப்பது என்று சுவரில் தொங்கும் தேதிக் காலண்டரைப் பார்த்தால் பாதிப் பணம் மிச்சம்.

வாங்குமுன் இன்னும் சில. கான்சன்ட்ரேட் வகையில் பால் சர்க்கரை கொஞ்சம் இருக்கும். பால் ஒத்துக்கொள்ளாத வயிறு என்றால் ஐசோலேட் வாங்குவது நல்லது. உங்களுக்கு இல்லாவிட்டாலும் பக்கத்தில் பயிற்சி செய்கிறவருக்கு நல்லது. கேரளத்துக் கல்லீரல் மருத்துவர் சிரியாக் ஆபி பிலிப்ஸும் மற்றவர்களும் இந்தியாவில் விற்கும் 36 புரதப் பவுடர்களைச் சோதித்து 2024-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய 70 சதவீத டப்பாக்களில் லேபிளில் எழுதியது ஒன்று, உள்ளே இருந்தது ஒன்று. வழக்கமான சோதனை நைட்ரஜனை அளந்துதான் புரதத்தைக் கணக்கிடுகிறது. மலிவான அமினோ அமிலத்தைக் கலந்து அதை ஏமாற்றிவிடலாம். ஆகவே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், உடையாத சீல், பரிசோதனை அறிக்கை மூன்றையும் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். எங்கள் ஊரில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. அது சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் அரிக்கும். டப்பாவுக்கு மூவாயிரம் கொடுக்கிறவர்கள் அதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனைக்கும் கொஞ்சம் கொடுக்கலாம்.

கிழமைக் கணக்கில் எடுக்க ஆரம்பித்த பிறகு, மாஸ்டர் வழக்கம்போல அடுத்த டப்பா எப்போது என்று கேட்டார். முன்புபோல இல்லை, ஒரு கிலோ இப்போது இரண்டு மாதம் தாண்டி வருகிறது என்றேன். "வீட்டுல வேற யாரும் குடிக்கலையா சார்?" என்றார். அம்மா மட்டும் ஆறிய பாலில் அரை ஸ்கூப் போட்டு ருசி பார்த்தார், பரவாயில்லை என்று சொன்னார் என்றேன். மாஸ்டர் கவுன்டருக்குப் பின்னால் கூரை வரை அடுக்கியிருந்த டப்பாக்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ரொம்ப அக்கறையாகக் கேட்டார்:

"அம்மாவுக்கு என்ன வயசு இருக்கும் சார்? லேடீஸ் பேட்ச் காலைல பத்து மணிக்கு."