சித்தப்பாவின் இரும்புப் படகு

தஞ்சை ஜில்லாவில் ஓய்வு பெற்ற ஆண்களுக்கென்று சில பொழுதுபோக்குகள் உண்டு. கும்பாபிஷேகக் கமிட்டியில் சேர்ந்து ரசீதுப் புத்தகத்தோடு அலைவது, பேரனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்து அவனுக்கு வந்துகொண்டிருந்த கணக்கையும் மறக்கடிப்பது, டீக்கடையில் உட்கார்ந்து கர்நாடகத்தைத் திட்டுவது. பாபநாசம் பக்கத்துச் சித்தப்பா ஒருவர் இந்த மூன்றிலும் சேராமல் தனியே நிற்கிறார். அவர் இரும்பில் ஒரு விசைப்படகு கட்டப்போகிறார். வாங்கப்போகவில்லை, கட்டப்போகிறார். நீளம் 36 அடி, அகலம் 11 அடி. உள்ளே இரண்டு அறை, சமையலறை, கக்கூஸ். மேலே நாற்காலி போட்டுக் காற்று வாங்க ஒரு தளம்.

பேரனின் கிராஃப் நோட்டில் வரைபடம் தயார். அதைப் பார்த்த சித்தி கேட்டது ஒரே கேள்விதான்: "ஏங்க, நம்ம தெரு எத்தனை அடி அகலம்?"

இப்படிப்பட்ட கேள்விகளுக்காகச் சித்தப்பா நோட்டின் கடைசிப் பக்கத்தை ஒதுக்கி, மேலே 'பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியவை' என்று எழுதி வைத்திருக்கிறார். படகின் வரைபடம் ஒரு பக்கத்தோடு நிற்கிறது. கடைசிப் பக்கமோ பின்பக்கமாக நான்கு தாள் வளர்ந்துவிட்டது.

டெல்டாக்காரரிடம் படகு என்று வாயெடுத்தால் அவர் 1025-க்குப் போய்விடுவார். ராஜேந்திர சோழன், கடாரம், நாகப்பட்டினம் என்று ஒரு சுற்று சுற்றாமல் பேச்சு இந்த நூற்றாண்டுக்குத் திரும்பாது. சித்தப்பாவும் விலக்கல்ல. ஆனால் அவருடைய உண்மையான முன்னோடி சோழர் இல்லை, இரண்டாம் சரபோஜி. 1798-ல் பட்டத்துக்கு வந்த அந்த மராட்டிய மன்னர், மறுவருஷமே நாட்டை ஒப்பந்தம் எழுதிக் கும்பெனியிடம் ஒப்படைத்துவிட்டார். மிஞ்சியது கோட்டையும் மானியமும் ஏராளமான நேரமும். அந்த நேரத்தில் சரஸ்வதி மகாலைப் பெருக்கினார், அச்சுக்கூடம் வைத்தார், கண் வைத்தியம் பார்த்தார். கடற்கரையில் மனோரா பக்கம் ஒரு கப்பல் கட்டும் தளமும் அமைத்தார் என்பார்கள். நெப்போலியன் வீழ்ந்ததற்காக 1814-ல் அவர் எழுப்பிய அறுகோணக் கோபுரம் இன்றும் அங்கே நிற்கிறது. நெப்போலியனுக்கும் தஞ்சாவூருக்கும் என்ன வாய்க்கால் தகராறு என்று தெரியவில்லை. வேலையில்லாத மனிதர் கப்பல் கட்ட நினைப்பது நம் மண்ணில் இருநூறு வருஷப் பழக்கம் என்பதற்கு ராஜாவே சாட்சி.

சாஸ்திரமும் இருக்கிறது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950-ல் பதிப்பித்த 'கப்பல் சாத்திரம்' மரத்தின் குணதோஷம் பார்ப்பது, நாள் நட்சத்திரம் பார்ப்பது எல்லாம் சொல்கிறது. எம்.எஸ். பிளேட்டுக்கு என்ன நட்சத்திரம் என்று அதில் இல்லை.

ஏன் இரும்பு? மரப்படகுக்கு மரமும் ஆசாரியும் தேடிக் கடலூர், நாகப்பட்டினம் என்று அலைய வேண்டும். இரும்புக்கு அந்தத் தொல்லை இல்லை. தெருக்கோடியிலேயே வெல்டிங் பட்டறை. டெல்டா பட்டறைக்காரர்களைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. சேற்றுழவுக்கு டிராக்டரில் மாட்டும் கேஜ் வீல், டிப்பர், கல்யாண மண்டபத்துக் கேட் எல்லாம் அவர்கள் கைவேலை. கேஜ் வீல் சேற்றிலும் தண்ணீரிலும் வருஷக்கணக்கில் உழல்கிறது. படகு தண்ணீரில் மட்டும்தானே உழலப்போகிறது என்பது சித்தப்பாவின் வாதம்.

பட்டறைக்காரர் வாதத்துக்கெல்லாம் பதில் சொல்கிறவர் இல்லை. தரையில் கிடந்த பிளேட் துண்டுகள் இரண்டை எடுத்து ஒட்டி வைத்தார், ஒரு மூச்சில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ராடு ஓட்டினார். சிவப்பு அடங்குவதற்குள் பிளேட்டின் ஓரம் தரையை விட்டு விரற்கடை எழும்பி நின்றது. "பாத்தீங்களா சார்? இரும்பு சூட்டுல நீளும், ஆறினா இழுக்கும். இப்படி ஓட்டினா உங்க படகுக்கு விலா எலும்பு தெரியும்." முதலில் டேக் அடித்து நிறுத்த வேண்டும். பிறகு இங்கே நாலு விரற்கடை, எதிர்ப்பக்கம் நாலு விரற்கடை, நடுவில் விட்டு விட்டு, ஆறவிட்டு ஆறவிட்டு அடிக்க வேண்டும். 36 அடிக்கு இப்படியே. சித்தப்பா கணக்குப் போட்டுப் பார்த்தார், பட்டறைக்காரரின் பொறுமையைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதிக்கொண்டார்.

எடைக் கணக்கு இன்னும் சுவையானது. 5 மில்லிமீட்டர் பிளேட் சதுர மீட்டருக்கு 39 கிலோ சொச்சம். கொள்முதல் நிலையத்தில் தைத்து அடுக்கும் நெல் சிப்பம் 40 கிலோ. ஆகப் படகின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஒரு சிப்பம் என்று டெல்டா முறையில் மனக்கணக்காகவே போடலாம். அடிப்புறம், பக்கம், தளம் எல்லாம் சேர்த்து 100 சதுர மீட்டர் என்றால் நாலு டன். ஆங்கிள், சேனல், என்ஜின், டீசல், தண்ணீர்த் தொட்டி, கட்டில் என்று சேர்ந்தால் 12 டன்னுக்குக் குறையாது.

"இவ்வளவு இரும்பு மிதக்குமா?" என்றார் சித்தி. ஆர்க்கிமிடீஸ் வந்து போனார். 12 டன் படகு 12 டன் தண்ணீரை ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான். மிதந்த பிறகு ஏறும் ஒவ்வொரு கால் டன்னுக்கும் படகு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இறங்கும். சித்தியின் பிறந்த வீட்டார் மொத்தமாக வந்தால் எத்தனை சென்டிமீட்டர் என்று சித்தப்பா கணக்குப் போட்டதை அவர் ரசிக்கவில்லை. அந்தக் கணக்கில் தம் வெட் கிரைண்டரையும் சேர்க்கச் சொன்னார்.

என்ஜின் விஷயத்தில் மட்டும் கவலையே இல்லை. தமிழ்நாட்டுக் கரையோரம் எத்தனையோ விசைப்படகுகளில் உறுமுவது அசோக் லேலண்டின் மரைன் என்ஜின், கும்பகோணம் பஸ்ஸில் கேட்ட அதே குடும்பக் குரல். ஆனால் வேகம்? நீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகுக்கு நீளம்தான் எஜமான். நீர்மட்டத்தில் 36 அடி இருந்தால், அதன் வர்க்கமூலம் 6, அதை 1.34-ஆல் பெருக்கினால் 8 நாட். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர். அதற்கு மேல் எத்தனை குதிரைத்திறனைக் கட்டினாலும் பெரிய அலைதான் எழும்பும், வேகம் கூடாது. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்கு 40 கிலோமீட்டர், படகில் இரண்டே முக்கால் மணி. சித்தப்பா மனம் தளரவில்லை. "அவசரமாப் போறவன் பஸ்ல போவட்டும்."

சரி, எங்கே போவது? இங்கேதான் காவேரி குறுக்கிடுகிறாள்.

மேட்டூர் அணை 1934-லிருந்து இருக்கிறது. வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். அந்தத் தேதிகளும் கடவுளும் கர்நாடகமும் மனது வைத்தால்தான். மீதி நாலரை மாதம் ஆற்றில் மணல். சித்தப்பா வீட்டுப் பின்னால் ஓடும் குடமுருட்டியில் பங்குனி, சித்திரையில் பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். படகு அங்கே நின்றால் பவுண்டரிக் கோட்டுக்கு உதவும். தண்ணீர் வந்தாலும் நிம்மதி இல்லை. படகு மூன்றரை அடி முழுகும். ஆறு எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்பது மதகுச் சட்ரஸைத் திறந்து மூடும் லஸ்கருக்குத் தெரியலாம், சித்தப்பாவுக்குத் தெரியாது. அடுத்த சட்ரஸ் வரை போகலாம். அதற்கு மேல் இறங்கி நடக்க வேண்டும். நடுவில் வெங்காயத்தாமரை விசிறியைச் சுற்றிக்கொள்ளும், தாழ்ந்த பாலம் மேல்தளத்து நாற்காலியைக் கேட்கும்.

இத்தனைக்கும் சட்டம் சித்தப்பா பக்கம் இருக்கிறது. 2016-ல் வந்த தேசிய நீர்வழிகள் சட்டம் 111 நீர்வழிகளை அறிவித்தது. அதில் 55-ஆம் எண் சாட்சாத் காவிரி-கொள்ளிடம். ஈரோட்டுப் பக்கம் ஊராட்சிக்கோட்டையிலிருந்து பழையாறு முகத்துவாரம்வரை 360 கிலோமீட்டருக்கு மேல். இதைக் கண்டுபிடித்த அன்று சித்தப்பா வீட்டில் பாயசம். வழியில் முக்கொம்பு இருக்கிறது, அணைக்கரை இருக்கிறது, படகு ஏறி இறங்க லாக் இல்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. அந்த இரண்டு அணைகளையும் 1836 வாக்கில் கட்டியவர் ஆர்தர் காட்டன். ரயிலைவிடப் படகே மலிவு என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவரும் அவரே. பின்னால் கோதாவரிக்குப் போய்த் தௌலேஸ்வரத்தில் அணை கட்டியபோது, படகு போகும் வாய்க்கால்களை லாக்கோடு வெட்டிக் கொடுத்தார். நமக்குப் பாசனம், அவர்களுக்குப் பாசனமும் படகும். சித்தப்பா காட்டனை இன்னும் மன்னிக்கவில்லை.

ஆறு இல்லாவிட்டால் கடல். மல்லிப்பட்டினம் துறைமுகம் எழுபது, எண்பது கிலோமீட்டர். ஆனால் சாலையில் வண்டிக்கு அனுமதிக்கும் அகலம் 2.6 மீட்டர், அதாவது எட்டரை அடி. படகு 11 அடி. தனி அனுமதி, முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி, ஈ.பி. கம்பியைத் தூக்கிப் பிடிக்க மூங்கிலோடு இரண்டு ஆள் என்று தேர் புறப்பாட்டுக்குரிய ஏற்பாடு வேண்டும். கடைசிப் பக்கம்.

அக்கம்பக்கத்தில் யாராவது இரும்புப் படகுக்கு வழி கண்டிருக்கிறார்களா என்று விசாரித்ததில் ஆழ்கடல் திட்டம் அகப்பட்டது. பாக் நீரிணை விசைப்படகுக்காரர்களைச் சூரை மீன் பிடிக்க ஆழ்கடலுக்கு அனுப்ப 2017-ல் தொடங்கியது. அப்போது படகு விலை 80 லட்சம், மத்திய அரசு பாதி, மாநிலம் 20 சதவீதம், வங்கிக் கடன் 20, மீனவர் கையிலிருந்து 10. எட்டு லட்சத்துக்குப் படகு! குளத்தில் கெண்டை பிடிப்பவர் மீனவர் கணக்கில் வருவாரா என்று சித்தப்பா விசாரித்திருக்கிறார். வரமாட்டாராம்.

அவருக்கு உண்மையில் தெம்பு கொடுத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். பெர்னார் முவாத்தெஸியே, ஹனோயில் பிறந்து வியட்நாமில் வளர்ந்தவர். இரண்டு படகுகளைக் கடலுக்குப் பறிகொடுத்தவர். அவர் புத்தகத்தைப் படித்த ழான் ஃப்ரிகோ என்ற பாய்லர் பட்டறைக்காரர், கடலுக்குச் சம்பந்தமே இல்லாத ஷோஃபாய் என்ற உள்நாட்டு ஊரில், 1960-களின் தொடக்கத்தில் அவருக்கு இரும்பில் 'ஜோஷுவா' என்ற பாய்மரப் படகு கட்டிக் கொடுத்தார். பாய்மரங்களுக்குத் தந்திக் கம்பங்களை நட்டார்கள். அந்தப் படகில் 1968-ல் உலகைச் சுற்றும் பந்தயத்துக்குப் போனவர், ஜெயிக்கிற நிலையில் இருந்தும் முடிவுக்கோட்டுக்குத் திரும்பாமல் தாஹிட்டிக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். 1982-ல் மெக்சிகோ கரையில் புயல் தூக்கி மணலில் புதைத்தும் ஜோஷுவா பிழைத்தது. லா ரோஷெல் அருங்காட்சியகத்தில் இன்றும் மிதக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் மல்லிப்பட்டினத்துப் படகுகளை நொறுக்கிப் போட்டதைப் பார்த்த சித்தப்பாவுக்கு இந்த இடம் மனப்பாடம். ஃப்ரிகோ லாபம் பார்க்காமல் கட்டிக் கொடுத்தார் என்பதைப் பட்டறைக்காரர் காதில் விழும்படி அடிக்கடி சொல்வார். பட்டறைக்காரர் அந்த நேரம் பார்த்துக் கிரைண்டரைப் போட்டுவிடுவார்.

சித்தியின் நிலை தெளிவானது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். நடுவில் நின்று, மறுபடியும் விட்டார்கள். டிக்கெட் வாங்கினால் கூட்டிக்கொண்டு போய் விடுகிறார்கள், ரெட் ஆக்சைடு அடிக்க வேண்டாம், உப்புத்தண்ணீர் முதலில் தின்னட்டும் என்று அடியில் ஜிங்க் கட்டி வைக்க வேண்டாம், உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021-ன்படி பதிவும் ஆய்வுச் சான்றும் வேண்டாம். சித்தப்பா இதற்குப் பதிலாக வல்வெட்டித்துறையை இழுத்தார். அங்கே கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் ஊர்க்காரர்களையே மாலுமிகளாக வைத்துக்கொண்டு 1938-ல் அமெரிக்காவின் குளோஸ்டர் போய்ச் சேர்ந்ததே! "அவங்க ஊர்ல கடல் இருந்துச்சுங்க" என்றார் சித்தி.

போன வாரம் பட்டறைக்காரர் மதிப்பீடு எழுதிக் கொடுத்துவிட்டார். லெட்டர்ஹெட்டில் அடுக்கடுக்காய்: பிளேட், ஆங்கிள், ராடு, காஸ், கூலி, கிரேன். படிக்கட்டுக்கு ஸ்டெயின்லெஸ் கைப்பிடி போட்டால் தனி. முன்பணம் பாதி, அணியம் தூக்கி நிறுத்தியதும் கால், மீதி டெலிவரியின்போது. பட்டறைக்காரர்கள் எல்லா வேலைக்கும் வழக்கமாய்ப் போடும் வரி கடைசியில்: "கரன்ட், தண்ணீர் பார்ட்டி பொறுப்பு."