ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்

அமெரிக்காவில் எந்த ஊரில் பழைய நாணய ஏலம் நடந்தாலும் அவர் வந்துவிடுவார். ஏலத்துக்கு முந்தைய நாள் சரக்கைப் பார்க்க விடும் அறையில், நல்ல வெளிச்சம் விழுகிற நாற்காலி அவருடையது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு லென்ஸ். சட்டைப் பையில் இன்னொன்று. முதல் லென்ஸின் மேல் அவருக்கு முழு நம்பிக்கை கிடையாது. வெள்ளி டாலரை விளிம்பில்தான் பிடிப்பார். பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து முத்திரையிட்ட டாலராக இருந்தாலும், பெட்டியின் விளிம்பைத்தான் பிடிப்பார். விளக்கடியில் அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு நீளமாக ஒரு பெருமூச்சு விடுவார். பக்கத்து நாற்காலிக்காரர் காதில் விழுவதற்காக விடும் பெருமூச்சு அது. நாளை இதே டாலருக்குப் போட்டியாகக் கை தூக்கப்போகிறவர் அவராயிற்றே.

"கன்னத்தைப் பாருங்க சார். பாவம்!"

இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்க அக்கசாலைக்கு வேலைக்கு வந்த ஜார்ஜ் மார்கன், 1878-இல் வெளியான வெள்ளி டாலருக்காகச் செதுக்கிய சுதந்திர தேவியின் கன்னம் அது. அந்த முகத்துக்கு மாதிரியாக உட்கார்ந்தவர் ஆன்னா வில்லியம்ஸ் என்ற ஃபிலடெல்ஃபியா பள்ளி ஆசிரியை. விஷயம் வெளியே தெரிந்து ஊரே அவரைப் பார்க்க வந்தது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லையாம். ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிற இந்த நாளிலும், தன் கன்னத்தில் எத்தனை கீறல் என்று முன்பின் தெரியாத ஆண்கள் லென்ஸ் வைத்து எண்ணுவதை அந்த டீச்சர் பார்த்திருந்தால் பிரம்பை எடுத்திருப்பார்.

கீறலுக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. அச்சடித்த டாலர்களை ஆயிரம் ஆயிரமாகத் துணிமூட்டையில் கட்டிக் கருவூலத்தில் போட்டார்கள். ஒவ்வொன்றும் 26.73 கிராம், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. மூட்டையைத் தூக்கிப் போடும்போதெல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். ஒருநாள்கூடச் செலவாகாத டாலரிலும் தழும்பு இருப்பது இதனால்தான். தழும்பு கூந்தலுக்குள் ஒளிந்துகொண்டால் ஒரு விலை, கன்னத்தில் விழுந்தால் வேறு விலை.

தரத்துக்கு மதிப்பெண் உண்டு. வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-இல் பழைய செப்புச் சென்ட்டுகளுக்காக வகுத்த 1 முதல் 70 வரையான கணக்கு, பிறகு எல்லா நாணயத்துக்கும் பரவிவிட்டது. புழக்கத்துக்கே வராதவை 60-உம் அதற்கு மேலும். நமக்கு அறுபத்து மூவர் என்றால் பிராகாரத்தில் வரிசையாக நிற்கிற நாயன்மார்கள். அவருக்கோ 63-க்கும் 64-க்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் வாழ்க்கையே ஓடுகிறது. சில ஆண்டுகளின் டாலர் 64-லிருந்து 65-க்கு ஏறினால் விலை பல மடங்கு குதிக்கும்.

ஆள் ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். நியூ ஆர்லியன்ஸில் அச்சடித்த டாலரில் காதுக்கு மேலிருக்கும் முடி மொழுக்கென்று இருந்தால், புதிதாக வந்தவர் தேய்ந்த காசு என்று ஒதுக்குவார். இவர் ஒதுக்கமாட்டார். அந்த ஊர் அச்சுக்கு அழுத்தம் போதாது என்பது அவருக்குத் தெரியும். சாய்க்கும்போது ஒளி சக்கரமாகச் சுழன்றால் அது தேயவில்லை. தேய்ந்த காசில் அந்தச் சக்கரம் அறுந்துபோகும். ஒருமுறை யாரோ 1893-ஆம் ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோ டாலர் என்று ஒன்றைப் பெருமையாக நீட்டினார். ஒரு லட்சம் மட்டுமே அச்சான, புழக்கத்துக்கு விட்ட மார்கன் டாலர்களிலேயே அரிதானது. பின்பக்கம் மாலைக்கு அடியில் குட்டியாக 'எஸ்' இருந்தது. இவர் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. முன்பக்கம் தேவியின் தலைப்பட்டியில் 'லிபர்ட்டி' என்ற சொல்லின் 'டி' எழுத்தை லென்ஸில் பிடித்தார். அசலில் அதன் தலைப்பில் சாய்வாக ஒரு மெல்லிய கோடு இருக்கும். இதில் இல்லை. "எஸ் அப்புறமா ஒட்டினது. நல்லா ஒட்டியிருக்கான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கண் இவ்வளவு கூர்மை. ஆனால் மேஜையின் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்து அந்தக் கண்ணின் நம்பர் மாறும். சரித்திரமும் மாறும். யாராவது அவரிடம் டாலர் விற்க வந்தால் 1962-ஐ எடுத்துவிடுவார். 1903-ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் டாலர் அதுவரை கிடைக்காத சரக்கு. 1962 கடைசியில் கருவூலம் பழைய மூட்டைகளைப் பிரிக்க, அது கொத்துக் கொத்தாக வெளியே வந்து விலை தரைக்கு இறங்கியது. "எப்ப எங்கே மூட்டை பிரியும்னு யாருக்குத் தெரியும்?" என்று விலையைக் குறைப்பார். அவரே விற்கிற நாளில் 1962 அவர் நினைவுக்கு வராது. 1918-இல் வந்த பிட்மன் சட்டம்தான் வரும். அந்தச் சட்டப்படி அரசாங்கமே 27 கோடி வெள்ளி டாலருக்கு மேல் உருக்கிவிட்டது. "மிச்சம் இருக்கிறதே இவ்வளவுதான் சார்!"

ஒருமுறை 1886-ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் டாலர் ஒன்று ஏலத்துக்கு வந்தது. தரம் பார்த்துப் பெட்டியில் அடைக்கிற கம்பெனி 62 என்று போட்டிருந்தது. "62-ஆ? தாராள மனசு. 61-க்கு மேல தரமாட்டேன்" என்று முந்தைய நாளே அறை முழுக்கச் சொல்லி வைத்தார். சுத்தியல் விலைக்கு மேல் நூற்றுக்கு இருபது ஏலக்காரருக்கு அழ வேண்டியிருக்கிறதே என்று காப்பி குடிக்கும் இடத்தில் அரை மணி நேரம் புலம்பினார். மறுநாள் கடைசிவரை கையை இறக்காமல் கேட்டு, அவரே எடுத்தார். பணம் கட்டிவிட்டுத் திரும்புவதற்குள் டாலர் முன்னேறியிருந்தது. "கண்ணை மூடிக்கிட்டு 64 கொடுக்கலாம். அந்தக் கம்பெனிக்காரனுக்குக் கண்ணே தெரியல."

வீட்டுக்கு வந்ததும் குறடை எடுத்தார். பெட்டியை உடைத்து டாலரை வெளியே எடுத்து, திரும்பவும் தரம் பார்க்க அனுப்புவது அந்த வட்டாரத்தில் சகஜம். ஆனால் டாலரில் லேசாக ஒரு மங்கல் இருந்தது. இதே மனிதர், தாத்தா வைத்துவிட்டுப் போன டாலரைச் சமையல் சோடா போட்டுத் தேய்த்துக்கொண்டு வருகிற பேரன்களைக் கண்டால் கத்துவார். நம் வீட்டில் வெள்ளிக் கிண்ணத்தை விபூதி போட்டுத் துலக்குவதைக் காட்டினால் மாரடைப்பே வந்துவிடும். இருந்தாலும், மங்கல் போக்கும் கரைசல் பாட்டில் ஒன்று அலமாரியில் இருந்தது.

சில வாரங்கள் கழித்துப் பார்சல் வந்தது. புதுப் பெட்டி. 64 இல்லை. 62-ம் இல்லை. நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று மட்டும் இருந்தது.

அந்த நிமிஷமே கம்பெனிக்குப் போன் போட்டார். "நான் கழுவவே இல்லைங்க," என்றார். "கழுவறது வேற. நான் ஒரு முக்கு முக்கி எடுத்தேன், அவ்வளவுதான்!"